இப்படிக்கு, பொதுநலன் விரும்பி

ஒரே மேசையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுதியவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? ரைட்டர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் தபாலைப் பிரிப்பது, புகாரை எழுதுவது, பதிவேடுகளைக் கட்டி மேய்ப்பது, இன்ஸ்பெக்டர் வாய்க்கு வந்தபடி சொல்வதைக் கோர்ட் ஏற்றுக்கொள்ளும் பாஷைக்கு மாற்றுவது எல்லாம் அவர் பாடு. லத்தியைத் தொட்டு இருபது வருஷம் இருக்கும். ஓடிப்போய் ஒருவனைப் பிடி என்றால் அவரைத்தான் நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் பேனாவை எடுத்தாரானால் அடித்தல் திருத்தல் கிடையாது. "தலையெழுத்து எழுதுறவன் மேல இருக்கான், மீதி எழுத்தெல்லாம் நம்ம ரைட்டர்தான்" என்பார் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மொட்டைக் கடுதாசியைப் படித்தே அதை எழுதியது யாரென்று சொல்லிவிடுவார். புதிதாக வரும் கான்ஸ்டபிள்களை எதிரே உட்கார வைத்துப் பாடமே நடத்துவார். "கையெழுத்தைப் பாக்காதீங்கய்யா, அதை எவன் வேணா மாத்தி எழுதுவான். எந்த வரி தேவையே இல்லாம வந்து உக்காந்திருக்குன்னு பாருங்க. அங்கதான் ஆளு ஒளிஞ்சிருப்பான்." ஒரு தடவை இப்படித்தான், மூன்றாம் வீட்டில் சாராயம் விற்கிறார்கள் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் 'போன வருஷம் வாங்கிப் போன ஏணியையும் இன்னும் திருப்பித் தரவில்லை' என்று முடித்திருந்தார். ஏணிக்காரரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

இவ்வளவு தெரிந்த மனிதர் தானே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். அதுவும் கூடப் பிறந்த அக்காவைப் பற்றி. அந்தக் கண்றாவியைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அவர்களுடைய அப்பா சீட்டுப் பைத்தியம். சாதாரணப் பைத்தியமில்லை, இருந்த ஒரே வீட்டையும் ஒரு மத்தியானத்தில் ஆடித் தோற்றுவிட்டு, சட்டையைச் சரி செய்துகொண்டு வந்து "சாமானைக் கட்டுங்க" என்று சொன்ன பைத்தியம். அம்மா அந்த அதிர்ச்சியிலேயே படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அப்பா எங்கேயோ போனார், போனவர் போனவர்தான். அப்போது அக்காவுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல்கடையில் காஜா எடுக்கப் போனாள். சட்டைக்குப் பட்டன் துளை வெட்டி நூல் சுற்றுவது, பட்டன் தைப்பது, இதே வேலைதான் நாற்பத்தேழு வருஷமாக. தம்பியைப் படிக்க வைத்தாள், போலீஸ் பரீட்சைக்கு அனுப்பினாள், அவனுக்குப் பெண் பார்த்தாள். "இவன் ஒரு நெலைக்கு வரட்டும், அப்புறம் என்னைப் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, அந்த அப்புறம் வரவே இல்லை.

தம்பி வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி, ஒரு மாடி அறையில் அக்கா தனியாக இருந்தாள். ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஜன்னலை ஒட்டி ஒரு வட்ட மேசை. அந்த மேசையில்தான் விஷயம் இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே மூன்று பேர் வந்து சேருவார்கள். ஒருத்தி டெலிபோன் அம்மா. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பக்கத்தில் இருப்பவரிடமும் லைன் சரியில்லாததுபோல் கத்தித்தான் பேசுவாள். இன்னொருத்தி நர்ஸம்மா, ஊசி போட்ட காலத்துக் கண்டிப்பு இன்னும் போகாதவள். மூன்றாவது பள்ளிக்கூடத்து ஆயா. கடைசி மணி அடித்ததும் நேராக மாடி ஏறிவிடுவாள். நாலு பேரும் ரம்மி ஆடுவார்கள். பணயம் பட்டன். ஜோடி சேராமல் அக்காவிடம் மிஞ்சிப்போன பட்டன்கள் டப்பா டப்பாவாகக் கிடந்தன. ஒரு கோட்டுப் பட்டனுக்குப் பத்து சட்டைப் பட்டன். ஆறு மணி அடித்ததும் ஜெயித்ததெல்லாம் திரும்ப டப்பாவுக்கே போய்விடும்.

"ஏய், ஜோக்கரை மடியில வெச்சிருக்கே, எடு வெளியில!" என்று டெலிபோன் அம்மா கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"ஊசி போட்டுருவேன், வாயை மூடிட்டு சீட்டைப் போடு" என்பாள் நர்ஸம்மா.

ரைட்டருக்கு இது வெகுநாள் தெரியாது. நாலு மணிக்கு அவர் ஸ்டேஷனில் இருப்பார். ஒருநாள் காய்ச்சலென்று சீக்கிரம் வந்தவர் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மாடி ஏறினார். கதவு திறந்திருந்தது. அக்கா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டாகப் பிரித்து, கட்டை விரலால் வளைத்து, சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்றை விட்டாள். அப்படிக் கலைக்கிற கையை அவர் ஒரே ஒரு ஆளிடம்தான் பார்த்திருந்தார். அதோடு தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு சிரிப்பு வேறு. அதுவும் அப்பாவின் சிரிப்பு. ரைட்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலா, பயமா, அவருக்கே தெரியவில்லை.

மற்றவர்கள் போனதும் ஆரம்பித்தார். "என்னக்கா இது? அந்தச் சனியனைத் தொட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பட்டன்டா. பட்டனைத் தோத்துட்டு எவளாவது நடுத்தெருவுக்கு வந்திருக்காளா?"

"இன்னைக்குப் பட்டன். நாளைக்கு?"

"நாளைக்கும் பட்டன்தான்."

"அக்கா, சட்டப்படி இது குத்தம். வீட்டுக்குள்ள பணயம் வெச்சு ஆடக்கூடாது. மதிப்புள்ள எந்தப் பொருளும் பணயம்தான்னு சட்டத்துல இருக்கு. இந்த மாதிரி மேசையை வெச்சு எத்தனை பேர் மேல நான் கேஸ் எழுதியிருக்கேன் தெரியுமா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் அதைத்தான் செய்வாள். "அப்பா ஆடினாரு, தோத்தாரு. அவரு நமக்குச் செஞ்சதை நானும் மறக்கல. ஆனா சீட்டு சொல்லிக் குடுத்தப்ப மட்டும்தான்டா அந்த மனுஷன் என்னை மடியில உக்கார வெச்சாரு. வேற நல்லதா ஞாபகம் வெச்சுக்க ஒண்ணுமே குடுக்கல. எனக்கு அறுவத்து மூணு வயசு. நாள் பூரா ஊரான் சட்டைக்குத் துளை போடறேன். இந்த ரெண்டு மணி நேரம் என்னுது. என் வீடு, என் பட்டன், என் நேரம். இதுல யாருக்குடா நஷ்டம்?"

ரைட்டர் செருப்பை மாட்டிக்கொண்டார். எத்தனையோ குற்றவாளிகள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு 'கோர்ட்ல சொல்லிக்கோ' என்று சொல்லிவிடலாம். அக்காவிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கீழே இறங்கிப் போகும்போது அக்கா கூடவே இரண்டு படி வந்தாள், சட்டென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"இடது முட்டி. கொஞ்ச நாளா படி இறங்கினா குத்துது. யார்கிட்டயும் மூச்சு விடாதே. கடை ரெண்டாவது மாடியில இருக்கு, மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலையை நிறுத்திருவாரு. அவளுங்ககிட்டகூட நான் சொல்லல, அந்த டெலிபோன்காரி வாயில விழுந்தா ஊருக்கே கேக்கும்."

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் மாடிப்பக்கமே போகவில்லை. ஆனால் நாலு மணி ஆனால் போதும், ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே அந்தச் சர்ரென்ற சத்தம் அவர் காதில் கேட்கும். எங்கே கொண்டுபோய் விடுமோ, யார் வந்து ஐந்தாவது ஆளாக உட்காருவானோ, பட்டனுக்குப் பதில் என்ன வருமோ என்று அவராகவே ஒவ்வொரு நாளும் ஒரு கதை கட்டுவார். அவருக்கு இரண்டு அப்பாக்களைத் தாங்கும் தெம்பில்லை. அதை அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் எதற்கு இருக்கிறது? ஆனால் முப்பத்தோரு வருஷம் எல்லாவற்றையும் எழுத்தில் முடித்துப் பழகியவர் பேனாவைத்தான் எடுத்தார்.

அவர் திட்டம் இதுதான். சின்னச் சின்ன மொட்டைக் கடுதாசிகளை இன்ஸ்பெக்டர்கள் படிப்பதே இல்லை. "ரைட்டரே, போய் ஒரு சத்தம் போட்டுட்டு வாங்க" என்று அவரிடமே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளினால், சட்டமே அனுப்பிய மாதிரி போய் நின்று, "அக்கா, புகார் வந்திருக்கு, நிறுத்திடு" என்று சொல்லிவிடலாம். அக்காவும் ஊர் வாய்க்குப் பயந்து நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடையில் வாங்கிய கோடு போட்ட தாளில், இடது கையால் எழுதினார். தெரு, வீட்டு எண், நாலு மணி, நாலு பெண்கள், பணயம், பொதுமக்கள் நிம்மதி கெடுகிறது, நேரில் கண்டித்து நிறுத்தவும். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தார். ஏதோ உறுத்தியது. ஒருவேளை வேறு யாராவது போனால்? கீழே இரண்டு வரி சேர்த்தார். 'அந்த வீட்டு அம்மாளுக்கு இடது முட்டியில் வலி, படி இறங்க நேரமாகும். தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம். இப்படிக்கு, பொதுநலன் விரும்பி.'

கான்ஸ்டபிள்களுக்கு அவர் நடத்திய பாடம் அவருக்கே ஞாபகம் வரவில்லை. பாசம் வந்தால் அறிவு எங்கே போகுமோ தெரியாது.

தபால் மூன்றாம் நாள் வந்தது. எழுதியவரே உறையைக் கிழித்தார், எழுதியவரே முத்திரை குத்தி எண் போட்டார், எழுதியவரே இன்ஸ்பெக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அந்த இன்ஸ்பெக்டர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த மாதம் சூதாட்ட வழக்கு ஏன் ஒன்றுகூட இல்லை என்று மேலிடத்திலிருந்து காலையில்தான் ஃபோன் வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "கம்ப்ளெய்ன்ட் எழுதறவன் முட்டிக்கு வைத்தியமும் எழுதறான் பாருங்க. சரி, மணி மூணே முக்கால். பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிடுங்க. இது உங்க தெருவாச்சே ரைட்டரே, நீங்களே வழி காட்டுங்க."

"சார், அது... அது எங்க அக்கா வீடு சார். நான் போய் ஒரு வார்த்தை சொன்னா போதும், நிறுத்திருவாங்க."

"அக்கா வீடா? அப்போ கேஸ் போட்டே ஆகணும். ரைட்டர் அக்கான்னா விட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் எழுதுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வண்டியில ஏறுங்க."

ரைட்டர் ஏறினார். ஏறாமல் இருந்திருக்கலாம், இதை எழுதினது நான்தான் சார் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான். ஸ்டேஷன் ஆளே மொட்டைக் கடுதாசி எழுதி, அதை ஸ்டேஷனிலேயே பதிவும் செய்தானென்றால் வேலை போகும், பென்ஷன் போகும். 

மாடிக் கதவை இன்ஸ்பெக்டர் தள்ளியபோது ஆயாவின் கையில் பதின்மூன்று சீட்டும் அப்படியே விசிறிபோல் நின்றது. அக்கா போலீஸைப் பார்த்து எழுந்தாள். பின்னால் தம்பியின் முகம் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "வந்துட்டியா? நல்ல வேளை! இவங்ககிட்ட சொல்லுடா, பட்டன்தான்னு சொல்லுடா." பிறகு மற்ற மூவரிடமும் திரும்பி, "பயப்படாதீங்கடி, தம்பி இருக்கான்" என்றாள்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை அவர்தான் எழுதினார். வேறு யார் எழுதுவார்கள்? சீட்டுக்கட்டு இரண்டு. கோட்டுப் பட்டன், கறுப்பு, பதினொன்று. சட்டைப் பட்டன், வெள்ளை, நூற்று நாற்பது. குழந்தைச் சட்டைக்கான பூ வடிவப் பட்டன், சிவப்பு, ஆறு. பெண் கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அச்சடித்த படிவத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற கட்டம் வந்தது. சூதாட்ட வழக்கென்றால் அதில் 'பொதுமக்கள்' என்று போடுவது வழக்கம். போட்டார்.

அக்கா எதற்கும் கலங்கவில்லை. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். சின்னப் பெண், ஆனால் படு சூட்டிகை. ரைட்டரையும் வைத்துக்கொண்டே அக்கா வீட்டில் அவள் பேசினாள். "அம்மா, இது நிக்காது. ஆடினதும் நீங்க, தோத்ததும் நீங்க, பட்டனும் உங்களுது. யார் வந்து அழுதா? அழுத ஆளைக் காட்டச் சொல்வேன். அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாத ஒண்ணை என் வீட்டுக்குள்ள நான் செஞ்சா அதுல சட்டத்துக்கு என்ன வேலைன்னு கேப்பேன்."

"கெடுதல் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ரைட்டருக்கு வாய் வந்துவிட்டது. "எங்க அம்மா செத்தாங்க. நான் அழுதேன்."

வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அது நிஜம்தான் சார், உங்க அப்பா தப்பு பண்ணாரு. அதுக்கு உங்க அக்காவைப் பிடிச்சா அம்மா திரும்பி வருவாங்களா?" பிறகு அக்காவிடம், "இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கடுதாசி மேலயே எனக்குச் சந்தேகம். மாதக் கணக்குக் காட்ட ஸ்டேஷன்லயே யாரோ எழுதிக்கிட்டதா இருக்கும். அதை நிபுணர்கிட்ட அனுப்பச் சொல்லப் போறேன். எழுதினவரு வந்து கூண்டுல நிக்கட்டும்" என்றாள்.

"நிக்கட்டும்" என்றாள் அக்கா உற்சாகமாக. "எவன்னு நானும் பாக்கணும்."

கோர்ட்டில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். ஸ்டேஷன் தரப்பில் காகிதக்கட்டுடன் ரைட்டர் சுவரோரம் நின்றார். நீதிபதி வயதானவர், எல்லாவற்றையும் தானே படித்துப் பார்க்கிற ரகம். கடுதாசியை எடுத்தார், சத்தமாகவே படித்தார். முட்டி வலி வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு இரக்கமுள்ள மொட்டைக் கடுதாசியை நான் சர்வீஸில் பார்த்ததே இல்லை."

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேல் டெலிபோன் அம்மாவின் குரல் கேட்டது. "ஏன்டி, உனக்கு முட்டி வலியா? எங்ககிட்டகூடச் சொல்லவே இல்லையே!"

 அக்கா முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிந்தது. மெதுவாகத் திரும்பி, கறுப்பு அங்கிகளையும் காக்கிச் சட்டைகளையும் தாண்டி, சுவரோரம் நின்ற தம்பியைப் பார்த்தாள். ரைட்டருக்கு அப்போதுதான் தன்னுடைய பாடம் ஞாபகம் வந்தது. தேவையில்லாத வரியைப் பாருங்கய்யா. அங்கதான் ஆளு ஒளிஞ்சிருப்பான்.

வக்கீலம்மா எழுந்தாள். "ஐயா, அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் என் முதல் மனு..."

அக்கா அவளுடைய அங்கியைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா, உக்காரு." நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, குத்தத்தை ஒத்துக்கறேன். என் வீடு, என் சீட்டு. நான்தான் கூப்பிட்டேன். இவங்க மூணு பேருக்கும் இது குத்தம்னே தெரியாது, விட்டுருங்க. ஆடறதுக்கு இடம் குடுத்தவ நான். அந்தக் காகிதத்தை எங்கேயும் அனுப்ப வேண்டாம்."

நீதிபதி இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் அதையே சொன்னாள். மூவரும் விடுதலை. அக்காவுக்கு, சூதாட இடம் கொடுத்த குற்றத்துக்காக, ஆறு மாதம் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அதுவரை ஊரைவிட்டுப் போகக்கூடாது. வீட்டில் ஆள் சேர்க்கக்கூடாது. வக்கீலம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்த கேஸ் அது.

அன்று சாயங்காலம் ரைட்டர் மாடி ஏறினார். மணி நாலரை. அக்கா வட்ட மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"இந்த உலகத்துல ஒரே ஒருத்தன்கிட்டதான்டா சொன்னேன், முட்டி வலிக்குதுன்னு."

"பயந்துட்டேன்கா. நீ சீட்டைக் கலைச்சது அப்படியே அப்பா மாதிரி..."

"அப்பா வீட்டை வெச்சு ஆடினாரு. நான் பட்டனை வெச்சு ஆடினேன். நீ என்னை வெச்சு ஆடிட்டியேடா." ஊசியை நிறுத்தவே இல்லை. "பிடிக்கலைன்னா வந்து திட்டியிருக்கலாம். மேசையைத் தூக்கிப் போட்டு உடைச்சிருக்கலாம். ஒரு வருஷம் பேசாம இருந்திருக்கலாம், நானும் முறைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அக்கா தம்பிக்குள்ள அதெல்லாம் இல்லாததா? நடுவுல சட்டத்தை ஏன்டா கூப்பிட்டே?"

ரைட்டர் குழந்தைபோல் அழுதார். அக்கா அழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எனக்கு வேலை கெடக்கு, கீழ இறங்கு" என்றாள்.

முதல் ஞாயிறு பத்து மணிக்கு அவள் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். கையெழுத்துப் பதிவேடு ரைட்டர் மேசையில்தான் இருக்கும். அவர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பரவாயில்ல சார். எல்லாரும் நின்னுதானே போடறாங்க. எந்த இடத்துல போடணும்?"

கான்ஸ்டபிள்கள் இருப்பதால் அப்படிப் பேசுகிறாள் என்று ரைட்டர் நினைத்துக்கொண்டார். மறுநாள் தெருவில் யாருமில்லாதபோது எதிரே போனார். "அக்கா, சாப்பிட்டியா?" என்றார். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட, அக்கா அடித்தாள் என்று வாங்கிக்கொண்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வாங்க போங்க என்றால் மனுஷன் எங்கே போவது? அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்திலேயே ஒரு வாய்தான் இருந்தது.

பேர் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னார். அக்கா தையல்கடை இருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குப் போனாள். வட்ட மேசை அதற்குள் நுழையவில்லை, விற்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ முறைத்ததில் ஆயா பயந்து வரவில்லை. நர்ஸம்மா தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், அவ்வளவுதான். டெலிபோன் அம்மாவை அவள் மகன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் தன்னிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ரைட்டரும் மாறிப்போனார். ஒரு நாள் நாலு கூலித் தொழிலாளிகளைச் சீட்டுக்கட்டோடு பிடித்து வந்தார்கள். 'பாதிக்கப்பட்டவர்' கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. "யாருய்யா வந்து அழுதது?" என்று கேட்டார். "என்ன ரைட்டரே, வக்கீல் ஆயிட்டீங்களா, பொதுமக்கள்னு போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். போட்டார். ஆனால் அந்தப் பொதுமக்களில் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் போல அவருக்கு ஆத்திரமாக வந்தது.

இன்னொரு கொடுமையும் நடந்தது. வாரம் பூரா அவர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அது அவருடைய விடுமுறை நாள், முதல் வாரம் அவளுக்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டு வாங்கி மாற்றிக்கொண்டார். சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பார். அக்காவை வேறெங்கும் பார்க்க முடியாது. அந்த அரை நிமிஷம்தான். பேனாவை அவர் நீட்டுவார், அவள் குனிந்து எழுதுவாள், "வரேங்க சார்" என்பாள். எந்தத் தண்டனை அவளுக்கு அநியாயமென்று நெஞ்சில் அடித்துக்கொண்டாரோ, அதுவே ஆறு மாதத்தில் முடிந்துவிடக் கூடாதே என்று மனசு கிடந்து தவித்தது.

இருபத்தைந்தாம் வாரம் மனைவி சொன்னாள். "உங்க அக்கா டெலிபோன் அம்மாகூடப் போய் இருக்கப் போறாங்களாம். கையெழுத்து முடிஞ்ச மறுநாளே பஸ்ஸு. அந்தப் பக்கத்துல சீட்டாடினா குத்தமே கிடையாதாமே?"

ஆமாம், கிடையாது. ஆறு மணி நேரப் பஸ் பயணம். ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அதே பட்டன் வெறும் பட்டன்.

கடைசி ஞாயிறு. அக்கா பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்தாள். பின்னால் இன்னொருவர் கையெழுத்துக்கு நின்றார். ரைட்டர் பேனாவை நீட்டினார். அவள் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, முப்பத்தோரு வருஷத்தில் பதிவேட்டில் ஒரு பொய் எழுதாத மனிதர் வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு வாரம் வரணும்."

"இருபத்தாறு ஆச்சு சார். எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

"இல்ல... இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அக்கா ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். நரைத்த மீசை, கசங்காத சட்டை, எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை.

"சட்டப்படியா சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். ரைட்டருக்கு அது தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தார்.

"சட்டப்படி இல்லக்கா" என்றார்.

"அப்போ வர வேண்டியதில்லையேங்க."

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். ரைட்டர் பதிவேட்டை இழுத்து, அவள் பெயருக்கு நேரே 'நிறைவுற்றது' என்று எழுதித் தேதி போட்டார். பின்னால் நின்றவர் முன்னால் வந்து, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.